முத்தழகு ஏறிய மடல்

கேள்வி: "பருத்திவீரன் படத்தில் முத்தழகு வீரன்மேல் வைத்திருப்பது காதலா, வெறியா? அதுதான் உண்மையான காதல் என்கிறான் அண்ணன். எனக்குக் கடைசிக் காட்சியை முழுதாகப் பார்க்கவே முடியவில்லை. படம் அந்த வெறியைக் கொண்டாடுகிறதா, கண்டிக்கிறதா? செமினாருக்கு எழுத வேண்டும், டீச்சர்." திருமங்கலத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டது.

தாயி, அது காதல்தான். ஆனால் இறுகிப்போன காதல். படம் அதைப் பாதி புரிந்துகொள்கிறது, பாதி கொண்டாடுகிறது, கடைசியில் தண்டனையை ஆள் மாற்றிக் கொடுத்துவிடுகிறது. சுருக்கமான பதில் இவ்வளவுதான். ஆனால் உன் செமினாருக்கு இது போதாது, எனக்கும் போதாது. வருஷக்கணக்காக என்னை விடாத படம் இது.

படம் 2007 பிப்ரவரி 23 அன்று வந்தது. அந்த வாரமே மதுரையில் பார்த்துவிட்டேன். இயக்குநர் அமீர் நம் ஊர்க்காரர், நம் பக்கத்துப் பேச்சைத் திரையில் அப்படியே பேச வைத்திருக்கிறார் என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. இடைவேளை வரைக்கும் தியேட்டரில் விசில் சத்தம் காதைப் பிளந்தது. செவ்வாழையாக வரும் சரவணன் வாயைத் திறந்தாலே சிரிப்பு. கடைசிக் கால் மணி நேரத்தில் அந்தக் கூட்டம் மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்கவில்லை. வெளியே வந்தபோது எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் நடந்துபோனார்கள், அக்கா தங்கை மாதிரி இருந்தார்கள். பஸ் ஸ்டாப் வரைக்கும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. தங்கை மட்டும் தாவணி முந்தியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாகவே வந்தாள்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படம் பார்க்காதவர்களும் உன் செமினாரில் இருப்பார்கள். சிறுவயதில் கிணற்றில் விழுந்த முத்தழகை வீரன் காப்பாற்றுகிறான். அன்றிலிருந்து அவள் மனதில் அவன்தான். வளர்ந்த வீரன் சித்தப்பா செவ்வாழையோடு குடி, வம்பு, போலீஸ், ஜெயில் என்று திரிகிறான், அவளை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அவன் அம்மா வேறு சாதி என்பதால் முத்தழகின் அப்பா கழுவத்தேவனுக்கு அவன் பெயரே ஆகாது. அவளோ அடி வாங்கினாலும் அசிங்கப்பட்டாலும் அவனையே சுற்றிச் சுற்றி வருகிறாள். ஒருநாள் அவன் மனது இளகுகிறது. இளகிய பிறகு அவனும் அவளைப் போலவே ஆகிவிடுகிறான். இருவரும் ஓடிப்போகும்போது, வீரனின் பழைய சகவாசத்து ஆட்கள் அவள்மேல் பாய்கிறார்கள். குற்றுயிராய்க் கிடப்பவள், இந்த உடம்பை யாரும் பார்க்கக் கூடாது, என்னை வெட்டிப் போட்டுவிடு என்று அவனிடமே கேட்கிறாள். அவன் செய்கிறான். அப்புறம் அவள் குடும்பத்தார் அவனை முடிக்கிறார்கள்.

இதில் எல்லோரும் கடைசிக் காட்சியைத்தான் பேசுவார்கள். நீ முதலில் கிணற்றைப் பார். இளையராஜா குரலில் வரும் 'அறியாத வயசு' பாட்டு உனக்குத் தெரியும். அந்தத் தலைப்பிலேயே விஷயம் இருக்கிறது. ஒரு சின்னப் பிள்ளையைத் தண்ணீரிலிருந்து தூக்கியவனுக்கு அந்தப் பிள்ளை காலமெல்லாம் நன்றியோடு இருக்கலாம். முத்தழகு நன்றியோடு நிறுத்தவில்லை, உயிரையே எழுதிக் கொடுத்துவிட்டாள். 'நீ கொடுத்த உயிர், அதனால் அது உனக்கு' என்று. வேறு யாரிடமும் கேட்காமல், வாங்கிக்கொள்கிறவனிடமும் கேட்காமல் போட்ட கணக்கு இது. நம் பக்கத்தில் கடனை மானத்தோடு சேர்த்துப் பார்ப்பார்கள், வாங்கிய கடனைத் தீர்க்காமல் செத்தால் கட்டை வேகாது என்பார்கள். முத்தழகின் காதலுக்குள் அந்தக் கடன் பேச்சுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. அவள் வீரனைப் பார்த்து மயங்கியதைவிட, வீரனுக்குத் தான் பட்ட கடனைப் பார்த்துத்தான் அதிகம் மயங்கியிருக்கிறாள். அவன் எப்படிப்பட்டவன், என்ன செய்கிறான் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. அந்தக் கணக்கில் அதற்கு இடம் இல்லை, அவ்வளவுதான்.

அப்புறம் அது ஏன் வளர்ந்தது என்று கேட்க வேண்டும். டாரதி டென்னவ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1979-ல் இந்த மனநிலைக்கு 'லிமரன்ஸ்' என்று ஒரு பெயர் வைத்தார். அவர் சொன்னதில் முக்கியமான ஒன்று: முழுசாகக் கிடைத்தாலும் இது அடங்கிவிடும், முழுசாக மறுத்தாலும் காலப்போக்கில் அடங்கிவிடும். கிடைக்குமா கிடைக்காதா என்ற இழுபறியில் வைத்தால்தான் தீயாய் வளரும். வீரன் அவளை விரட்டிவிடுகிறான், ஆனாலும் அதே ஊரில் கண் முன்னாலேயே திரிகிறான். நாலு நாள் திட்டு, ஐந்தாவது நாள் ஒரு பார்வை. அந்த ஒரு பார்வையை வைத்துக்கொண்டு அடுத்த நாலு நாளை ஓட்டிவிடுவாள். இதற்கு உளவியல் படிக்க வேண்டியதில்லை, லாட்டரிச் சீட்டு விற்ற காலத்தை நினைத்துப் பார்த்தால் போதும். தினம் விழாத பரிசுக்குத்தான் தினம் சீட்டு வாங்கினார்கள்.

வீட்டையும் சேர்த்துப் பார். அந்தப் பெண்ணுக்கு வேறு என்ன இருந்தது? அப்பா கை நீட்டுகிறவர். அம்மா மகளுக்கும் புருஷனுக்கும் நடுவில் நின்று அல்லாடுகிறவள். கல்யாணம் ஒன்றுதான் அவள் வாழ்க்கையில் நடக்கப்போகிற பெரிய விஷயம் என்று ஊரே முடிவு செய்துவிட்டது, அதை யாரோடு என்பதையும் அப்பாவே முடிவு செய்வார். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு பெண் தானாகத் தேர்ந்தெடுத்த ஒரே ஒரு பொருள் அந்தக் காதல். அதையும் விட்டுக்கொடு என்றால் அவளிடம் என்ன மிச்சம்? அவள் விடாப்பிடிக்குப் பின்னால் நான் பார்ப்பது இதைத்தான். ஒவ்வொரு அடியும் அவள் பிடியை இறுக்கத்தான் செய்தது. முத்தழகாக நடித்த பிரியாமணிக்கு 2006-ஆம் ஆண்டுக்கான தேசிய விருது கிடைத்தது இந்த இடத்துக்காகத்தான் என்று நான் நினைத்துக்கொள்வேன். அவர் கண்ணில் கனவு காண்கிறவளின் மயக்கம் இல்லை, முரண்டு பிடிக்கிற பிள்ளையின் முறைப்பு இருக்கிறது.

சரி, இப்போது என் பாடத்துக்கு வருகிறேன். நான் தமிழ் டீச்சர், இது இல்லாமல் என்னால் பேச முடியாது.

குறுந்தொகையில் 17-ஆவது பாட்டு, பேரெயின் முறுவலார் பாடியது. காமம் முற்றிவிட்டால் மனிதர்கள் பனைமடலையும் குதிரை என்று ஏறுவார்கள், எருக்கம் மொட்டையும் பூ என்று சூடுவார்கள், தெருவில் ஊர் ஆர்ப்பரிக்கவும் நிற்பார்கள், வேறு எதுவும் ஆவார்கள் என்கிறது பாட்டு. அந்த 'வேறு எதுவும்' என்பதற்குச் சாவது என்று பொருள் சொல்வார்கள் உரைகாரர்கள். கடைசி வரி 'காமம் காழ்க்கொளினே'. காழ் என்றால் கொட்டை, விதை, மரத்தின் உள்ளே ஏறும் வைரம். புளியமரம் வைரம் பாய்ந்துவிட்டால் கோடாலி தெறிக்கும் பார்த்திருப்பாய். ஆசை அப்படி வைரம் பாய்ந்துவிடுவதைத்தான் நம் ஆள் ஒருவர் ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் 'காழ்க்கொள்ளுதல்' என்று சொல்லிவைத்தார். இதைவிடச் சரியான சொல் எனக்குத் தெரியவில்லை. 'வெறி' என்று சொன்னால் ஒரு நாளில் ஏறி இறங்குகிற மாதிரி இருக்கிறது. காழ் அப்படி இல்லை, வருஷக்கணக்கில் உள்ளே ஏறுவது.

மடலேறுவது எப்படி என்று வகுப்பில் சொல்லும்போது நான் ஒரு பனைமட்டையைக் கொண்டுபோவேன். பிள்ளைகள் கையில் கொடுப்பேன். பனங்கருக்கின் பல் எப்படி இருக்கும் என்று தெரியுமல்லவா, ரம்பம் மாதிரி, அசந்தால் கையைக் கிழித்துவிடும். காதலித்த பெண்ணைத் தனக்குத் தரச் சொல்லி, அதன்மேல் உட்கார்ந்து ஊர்த் தெருவில் இழுத்துக்கொண்டு வரச் சொல்கிறான் காதலன். தொடை கிழியும், ரத்தம் வழியும். ஊர் என்ன சொல்லும்? 'ஐயோ பாவம், இந்தப் பையனை இப்படி ஆக்கிவிட்டாளே' என்று சொல்லும். கிழிவது அவன் தொடை. ஆனால் பழி போய் விழுவது அவள் வீட்டு வாசலில். அதனால் மடலேறுவதைத் துன்பம் என்று மட்டும் நான் சொல்லித்தருவதில்லை, அது மிரட்டலும்தான் என்று சொல்லித்தருகிறேன். தொல்காப்பியர் ஏறிய மடலை அன்பின் ஐந்திணையில் சேர்க்காமல் பெருந்திணையில், அதாவது பொருந்தாக் காமத்தில் தள்ளிவைத்தார். ஒருதலைக் காமத்தைக் கைக்கிளை என்று தனியே பிரித்தார். பையன் கையை அறுத்துக்கொண்டு வந்து நிற்பதை 'எவ்வளவு ஆழமான காதல்' என்று புல்லரிக்கிறவர்கள் இந்தப் பிரிவினையைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இதில் பெண்ணுக்கு என்ன விதி? ஏறக் கூடாது. தொல்காப்பியம் அப்படிச் சொல்கிறது. கடல் அளவு காமம் இருந்தும் மடலேறாமல் பொறுக்கும் பெண்ணைவிடப் பெருமை உடையது இல்லை என்கிறது குறள், 1137. திருமங்கையாழ்வார் மட்டும் நாயகியாகத் தன்னைப் பாவித்து, நான் ஏறுவேன் என்று இரண்டு திருமடல் பாடினார், அது திருமாலுக்காக.

முத்தழகு ஏறிவிட்டாள். பருத்திவீரன் தமிழில் தனியாக நிற்பதற்கு இதுதான் காரணம் என்பேன். துரத்துகிறவன் ஆண், ஓடுகிறவள் பெண் என்று பார்த்துப் பழகிய திரையில் ஒரு கிராமத்துப் பெண் துரத்துகிறாள், வழிமறிக்கிறாள், ஊர் சிரித்தாலும் நிற்கிறாள். உன் செமினாரில் இதை எழுது. ஆனால் இதோடு நிறுத்தாதே. ஆண் ஏறிய மடலில் பழி பெண்ணுக்கு. பெண் ஏறிய மடலிலும் அடி பெண்ணுக்கே. வீரன் செய்த பாவம் முழுவதும் தன் தலையில் வந்து இறங்கிவிட்டது என்று அவளே கடைசியில் சொல்கிறாள். அமீருக்கு அது தெரிந்திருக்கிறது, தெரிந்துதான் எழுதியிருக்கிறார். அந்த வசனத்துக்காக அவரை மதிக்கிறேன். ஆனால் அதற்கப்புறம் நடப்பதில் எனக்கு மனம் ஒப்பவில்லை. சீரழிக்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு இந்த உடம்பை யாரும் பார்க்கக் கூடாது என்பது முதல் கவலையாக ஏன் வர வேண்டும்? தண்ணீர் கொடு, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போ என்று ஏன் வரவில்லை? முத்தழகு அவ்வளவு முரண்டு பிடித்தவள். அப்பாவுக்கு அடங்காதவள், ஊருக்கு அடங்காதவள். அவளை அந்த ஒரு நிமிஷத்தில் மானத்துக்கு அடங்க வைத்துவிட்டது படம். உன்னால் அந்தக் காட்சியைப் பார்க்க முடியவில்லை என்றாயே, ரத்தத்தைப் பார்த்துத்தான் என்று நான் நினைக்கவில்லை. அதுவரை நீ பார்த்த முத்தழகு அங்கே இல்லை.

இதை எனக்குப் புரியவைத்தது ஒரு மாணவி. பெயர் வேண்டாம். படம் வந்து மூன்று நான்கு வருஷம் கழித்து என் வகுப்பில் படித்தாள். சித்திரை வெயிலிலும் இடது மணிக்கட்டில் கைக்குட்டை கட்டிக்கொண்டு வருவாள். பனைமட்டையைக் கையில் வாங்கும்போது முடிச்சு நழுவியது. உள்ளே காம்பஸ் முனையால் கீறிய எழுத்து, மூன்றெழுத்துப் பெயர், ஓர் எழுத்தில் இன்னும் சீழ் காயவில்லை. வகுப்பு முடிந்ததும் கூப்பிட்டுக் கேட்டேன். பஸ் ஸ்டாண்டில் பார்க்கிற பையன், இரண்டு வருஷமாகப் பேசுவதும் பேசாமல் விடுவதுமாக இருக்கிறான், இதைக் காட்டினால் நம்புவான் என்றாள். அப்புறம் ஒன்று சொன்னாள்: "முத்தழகு மாதிரி இருக்கணும் டீச்சர்."

அதற்கு முந்தின வருஷங்களில் நானே வகுப்பில் மடலையும் கண்ணகியையும் காதலின் உச்சம், தியாகம் என்று உருகி உருகி நடத்தியவள். அந்தப் பெண்ணின் கையைப் பார்த்த அன்றைக்குத்தான் என் பாடக் குறிப்பைத் திருத்தினேன். அவளிடம் நான் பெரிய உபதேசம் எதுவும் செய்யவில்லை. முதலில் புண்ணுக்கு மருந்து போட அழைத்துப் போனேன். தினம் சாயங்காலம் ஒரு மணி நேரம் நூலகத்தில் எனக்கு உதவியாக இருக்கச் சொன்னேன். அந்த நேரத்தில்தான் அவன் பஸ் வரும், தெரிந்தேதான் சொன்னேன். அவளுக்கு ஓர் இடம் தேவைப்பட்டது, அவ்வளவே. வங்கித் தேர்வுக்குப் படிக்க ஆரம்பித்தாள். தழும்பு இன்னும் இருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

உன் அண்ணனுக்கும் ஒரு வார்த்தை. மற்ற படங்களை வரிசையாக வைத்துப் பார்க்கச் சொல். பாலாவின் சேது 1999 டிசம்பரில் வந்தது. அதில் துரத்துகிறவன் சேது. சம்மதிக்காத பெண்ணைத் தூக்கிக்கொண்டு போய் மிரட்டித்தான் சம்மதம் வாங்குகிறான். அப்புறம் அவனுக்குப் புத்தி பேதலித்து, பாண்டி மடத்தில் சங்கிலியோடு கிடக்கும்போது நாம் எல்லோரும் அழுதோம், நானும்தான். அழுததில் கடத்தலை மறந்துவிட்டோம். (அந்த மாதிரி மடங்கள் கற்பனை இல்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டிவைத்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் செத்தார்கள். அதற்கப்புறம் சேதுவின் கடைசிப் பகுதியை என்னால் வெறும் காதல் சோகமாகப் பார்க்க முடியவில்லை.) அந்தப் பாலாவிடம் உதவியாளராக இருந்தவர் அமீர், அமீரிடம் இருந்தவர் சசிகுமார். மூன்று பேருமே நம் மண்ணோடு தொடர்புள்ளவர்கள். குரு சேதுவில் ஆணின் வெறியைக் காட்டினார். சீடர் பருத்திவீரனில் அதைப் பெண்ணிடம் கொடுத்தார். 2008 ஜூலையில் வந்த சுப்ரமணியபுரத்தில் சசிகுமார் இன்னும் ஒரு படி போனார். அங்கே யாருக்கும் வெறி இல்லை, கண்ணும் கண்ணும் பார்த்துக்கொள்கிற மென்மையான காதல்தான். அந்தக் காதலையே பெரியவர்கள் தூண்டிலாக மாட்டி நாயகன் அழகரைப் பிடிக்கிறார்கள். அவன் காதலி துளசியை வைத்தே வரவழைக்கிறார்கள். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் காதல் எப்படி அழிக்கிறது என்பதைவிட, காதலைச் சுற்றி நிற்கிறவர்கள் எப்படி அழிக்கிறார்கள் என்பதுதான் எனக்குத் தெரிகிறது.

குணாவை இங்கே சேர்க்காதே. 1991-ல் வந்த அந்தப் படத்தில் குணா காதலிப்பது எதிரில் இருக்கும் பெண்ணை அல்ல, தன் மனதுக்குள் இருக்கும் அபிராமியை. அது மருத்துவர் பார்க்க வேண்டிய மனநிலை, படமும் முதல் காட்சியிலேயே அவனை மனநல மருத்துவமனையில் வைத்துத்தான் தொடங்குகிறது. கொடைக்கானல் குகைக்குப் போய் நின்று பாட்டுப் பாடுகிறவர்கள், பாட்டுக்கு நடுவே உட்கார்ந்திருப்பவள் கடத்திவரப்பட்ட பெண் என்பதை மறந்துவிடுகிறார்கள். அதற்குத் தனியாக ஒரு நாள் பேசுவோம்.

இன்னொன்று. விருப்பமில்லை என்று சொன்ன பெண்ணைத் தொடர்ந்து பின்தொடர்வது 2013 முதல் தனிக்குற்றம். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 78-ஆவது பிரிவு, முதல் தடவைக்கே மூன்று வருஷம் வரை சிறை. அண்ணனிடம் சண்டைக்காகச் சொல்லாதே. அவனுடைய கூட்டாளிகளில் யாராவது ஒருவன் இப்போதும் ஏதோ ஒரு பிள்ளையின் தெருமுனையில் பைக்கை நிறுத்திவிட்டு நிற்பான், அவனுக்காகச் சொல். அந்தப் பிள்ளைக்கு 181 என்ற பெண்கள் உதவி எண் தெரிந்திருக்கட்டும்.

செமினாருக்கு என் யோசனை இதுதான். வெட்டும் காட்சியை மறுபடி பார்க்காதே, தேவையில்லை. கிணற்றுக் காட்சியையும், வீரன் மனம் மாறும் இடத்தையும் மட்டும் இரண்டு தடவை பார். முதல் தடவை சத்தத்தோடு, இரண்டாவது தடவை சத்தத்தை நிறுத்திவிட்டு. பாட்டும் பின்னணி இசையும் இல்லாதபோது முத்தழகின் முகத்தில் நீ என்ன பார்க்கிறாயோ, அதை உன் வார்த்தையில் எழுது. காழ்க்கொள்ளுதல் என்ற சொல்லை எடுத்துக்கொள், குறுந்தொகைப் பாட்டின் எண்ணைப் போட மறக்காதே. எழுதி முடித்ததும் கொண்டு வா. சனிக்கிழமை மதியத்துக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். முடிந்தால் அண்ணனையும் கூட்டிக்கொண்டு வா, மட்டை ஒன்று எடுத்து வைக்கிறேன்.